கல்யாணப் படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள்

திருமணப் படம் எடுப்பவர்கள் மத்தியில் கடந்த இருபது ஆண்டுகளாக ஒரு புதிய ஒழுக்கம் பேசப்பட்டு வருகிறது. யாரையும் நிற்க வைக்கக் கூடாது. சிரிக்கச் சொல்லக் கூடாது. நடப்பது நடக்கட்டும், படம் எடுப்பவர் கண்ணில் படாமல் ஓரமாக நின்று அதைப் பதிவு செய்தால் போதும். ஆவணப் புகைப்படத் துறையிலிருந்து கல்யாண வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த முறை இது. சந்தையில் இதற்குக் 'கேண்டிட்' என்று பெயர். தாலுகா ஆபீஸ் இருக்கிற எந்த ஊரில் இறங்கினாலும் ஸ்டுடியோ போர்டில் இந்தச் சொல் இருக்கிறது. எங்க காலனியிலேயே ரெண்டு பையன்கள் வாடகைக்குக் கேமரா எடுத்து இந்தத் தொழில் செய்கிறார்கள்.

இந்த முறையைப் பற்றி நம் பக்கத்திலிருந்து கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. புகைப்பட அழகியல் பற்றிய விவாதம் நமக்கு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். நம் வீடுகளில் பட்டா இல்லாமல் இருக்கலாம், பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு கல்யாணப் படம் தொங்கும். பல குடும்பங்களில் முந்தின தலைமுறையின் முகம் இருக்கிற ஒரே காகிதம் அதுதான். அதை எப்படி எடுப்பது, யாரை உள்ளே விடுவது என்பது நம் வரலாறு சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் இந்த முறையின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்டுடியோக்காரர்களின் முறையில் அதிகாரம் அதிகம். 'தலையக் குனிஞ்சுக்கம்மா' என்று பெண்ணை அதட்டுவார்கள். தாலி கட்டிய கையை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கச் சொல்வார்கள். பிளாஷ் அடித்து முகத்தை வெளுப்பாக்குவார்கள். கம்ப்யூட்டர் வந்தபிறகு மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் யாருடைய தோலையோ போர்த்தி ஆல்பம் போட்டுக் கொடுத்தார்கள். கறுப்பாக இருப்பவரைக் கறுப்பாகவே காட்ட வேண்டும், அழுதால் அழுகிறபடியே எடுக்க வேண்டும் என்று ஒருவர் வந்து சொல்லும்போது அதில் நமக்கும் ஒரு விடுதலை இருக்கிறது. அதை மறுக்கவில்லை.

பெங்களூரைச் சேர்ந்த ஆவணப் புகைப்படக் கலைஞர் மகேஷ் சாந்தாராமின் படங்களைப் பார்த்தால் இந்த முறையின் பலம் தெரியும். கல்யாண வேலைக்குப் போன இடங்களிலிருந்தே அவர் 'மேட்ரிமேனியா' என்ற படத்தொடரை உருவாக்கினார். மணமக்கள் அதில் நாயகர்கள் இல்லை. பணம் கொட்டி எழுப்பிய அலங்காரம், அதன் இரவு வெளிச்சம், கூட்டத்துக்கு நடுவே தனியாகிப்போன மனிதர்கள், விழா ஓயும்போது தெரிகிற வெறுமை, இவைதான் பொருள். இந்தியாவின் வசதி படைத்தவர்கள் தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள் என்பதை உள்ளே நின்றுகொண்டே கேலியாகப் பார்க்கிற படங்கள் அவை. அந்தக் கேலி அங்கே பொருந்துகிறது. அந்தப் படங்களோடு எனக்குச் சண்டை இல்லை. குறுக்கிடாமல் எடுப்பதுதான் எல்லாக் கல்யாணத்துக்கும் நேர்மையான வழி என்று அதைப் பொது விதியாக்குகிறார்களே, அங்கேதான் சண்டை.

கல்யாணத்தில் 'நடப்பது' என்றால் என்ன? நடப்பதை நடக்கிறபடியே எடுக்கிறேன் என்பவர் மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன்பே சாதி எல்லாரையும் அவரவர் இடத்தில் நிற்க வைத்துவிட்டது. ஊர்க் கல்யாணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாயனமும் தவிலும் மேடைக்குப் பக்கத்தில். பறை இருந்தால் அது தெருவோடு சரி. பந்தியில் யார் முதலில், யார் கடைசியில் என்பதற்கு யாரும் போர்டு வைப்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். எச்சில் இலை எடுக்கிறவர் மண்டபத்தின் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போகிறார். மாப்பிள்ளையைப் பெற்ற தாய் புருஷனை இழந்தவளாக இருந்தால் தாலி கட்டும் நேரத்தில் தூணோரம் ஒதுங்கி நிற்கிறாள். அவளை யாரும் தள்ளவில்லை, அவளே ஒதுங்கினாள் என்பார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாடு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. இதற்கு நடுவே நின்று 'நான் யாரையும் நகர்த்த மாட்டேன்' என்று ஒருவர் சொன்னால், அந்த ஏற்பாட்டை நகர்த்த மாட்டேன் என்றுதான் அர்த்தம்.

கூலிக்கு வந்த போட்டோகிராபர் ஊரைத் திருத்த முடியுமா என்று கேட்கலாம். முடியாது. ஆனால் எங்கே நிற்பது, எத்தனை நேரம் நிற்பது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. கேண்டிட் ஆல்பத்துக்குள் பறையடிப்பவர் வராமல் இல்லை. எப்படி வருகிறார் என்று பாருங்கள். குச்சி பிடித்த விரல் வருகிறது. வைக்கோல் தீயில் காய்கிற தோல், புகை, கழுத்து வியர்வை எல்லாம் வருகிறது. முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கும். நல்ல படம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த ஆல்பத்தில் மாமன், மச்சான், சித்தப்பா ஒவ்வொருவருக்கும் முழு முகம் இருக்கிறது, பேர் சொல்ல ஆள் இருக்கிறது. பறையடிப்பவருக்குக் கை மட்டும். அவர் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர் ஆகவில்லை, கல்யாணத்தின் அலங்காரம் ஆகிவிட்டார்.

இது புதிதாக வந்த பழக்கம் இல்லை. இந்த நாட்டில் கேமரா நம்மிடம் முதலில் வந்ததே மாதிரி சேகரிக்கத்தான். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெள்ளையர் அரசு 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் படத்தொகுப்பு வெளியிட்டது. அதில் ஆளுக்குப் பதில் சாதியும் குலமும்தான் தலைப்பு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே.ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். மூக்கையும் மண்டையையும் அளந்து திரிந்தவர் அவர். அங்கேயும் நம்மவர்களை நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள். ஆகவே நிற்க வைத்து எடுத்தாலே மரியாதை என்று நான் சொல்லவரவில்லை. நிற்க வைக்கப்படுவது ஒன்று. தானே காசு கொடுத்து, துணி உடுத்தி, தலை சீவி, போய் நிற்பது வேறு.

இந்த இரண்டாவது நிற்றலைப் புரிந்துகொள்ள ஒரு பட்டியலைப் படிக்க வேண்டும். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டையும் கோட்டும் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் எட்டு பதினொன்றாகியது. அதில் கல்யாணத்துக்கென்றே தனித் தடைகள். மேளம் வைக்கக் கூடாது. தாலி கட்டுவதற்கு முன் குதிரையில் ஊர்வலம் போகும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். வீட்டுக் கதவைக் கழற்றி அதில் மாப்பிள்ளை பெண்ணை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போ என்று எழுதி வைத்த நாடு இது.

இப்போது என் அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தைச் சொல்கிறேன். கல்யாணத்தன்று எடுத்த படம் இல்லை அது. டவுன் ஸ்டுடியோக்காரர் காலனிக்குள் வர மறுத்துவிட்டார். அம்மா சொல்லும்: 'உள்ள வரமாட்டேன்னுட்டாரு. தாலி கட்டி எட்டாம் நாள் நாங்கதான் பஸ் ஏறிப் போயி நின்னோம். கோட்டு அந்தக் கடையிலயே இருந்துச்சு. ஒங்கப்பனுக்குத் தோள் பெருசு, பொத்தான் போட முடியல.' படத்தில் அப்பா பொத்தான் போடாத கோட்டோடு நிற்கிறார். கையில் கடிகாரம், காலில் செருப்பு. அம்மா தலை நிறைய பூ. கழுத்தில் கவரிங் சங்கிலி, அதை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறது. பின்னால் துணியில் எழுதிய மாடிப்படி. இரண்டு பேரும் மூச்சுப் பிடித்தபடி நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். சிரிப்பு இல்லை.

கேண்டிட் கண்ணோடு பார்த்தால் இது பொய்ப் படம். கோட்டு வாடகை, மாடிப்படி துணி, நகை கவரிங், நிற்கிற விதம் விறைப்பு. ஆனால் 1930, 1931 பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் படித்துப் பாருங்கள். கோட்டு தடை செய்யப்பட்டது. செருப்பு தடை செய்யப்பட்டது. பூ, சங்கிலி, மேலாடை எல்லாமே தடை செய்யப்பட்டவை. ஒவ்வொரு தடைக்கும் பதில் அந்தப் படத்தில் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அப்படி நின்றதில்லை. ஆனால் எது நமக்கு மறுக்கப்பட்டதோ அதையெல்லாம் உடம்பில் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த விறைப்பைச் செயற்கை என்று சொல்பவருக்கு அதன் பின்னால் இருக்கிற தடை தெரியாது.

இன்றைக்கு நம் காலனிக் கல்யாணத்தில் வாடகை ஷெர்வானி போட்டு நிற்கிற மாப்பிள்ளையிடம் கேண்டிட் பையன் சொல்கிறான்: 'அண்ணே, கேமராவப் பாக்காதீங்க. நீங்க பாட்டுக்கு இருங்க.' தொழில் கற்றுக்கொடுத்ததை அவன் சொல்கிறான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள் தோழர்களே. நிமிர்ந்து பார்க்காதே, நேருக்கு நேர் பார்க்காதே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பரம்பரை இது. அவனுடைய வாழ்நாளில் ஒரே ஒரு நாள் எல்லாரும் அவனைப் பார்க்க வருகிறார்கள், அவனும் எல்லாரையும் நேராகப் பார்க்கலாம். அன்றைக்கும் 'பார்க்காதே' என்றால் எப்படி?

இது பழங்கதை இல்லை. உத்தரப்பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டம் நிஜாம்பூரில் ஒரு தலித் மாப்பிள்ளை, தாகூர்கள் வசிக்கும் தெரு வழியாகத் தன் கல்யாண ஊர்வலம் போக வேண்டும் என்று மாதக்கணக்கில் போராடினார். அலகாபாத் உயர்நீதிமன்றம் வரை போய் மனு தள்ளுபடியானது. கடைசியில் 2018 ஜூலையில் போலீஸ் பாதுகாப்போடு குதிரை வண்டியில் ஊர்வலம் போனார். அந்தப் படங்கள் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தன. 1931இல் எழுதிய தடைக்கு 87 வருஷம் கழித்து இன்னொரு மாநிலத்தில் ஒருவர் வண்டியில் உட்கார்ந்து பதில் சொன்னார். அங்கே ஒரு ஆவணப் புகைப்படக் கலைஞர் போயிருந்தால் அவர் தேட வேண்டியது மாப்பிள்ளை தன்னை மறந்திருக்கும் கணத்தையா, அல்லது தன்னை முழுக்க நினைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கணத்தையா?

மகேஷ் சாந்தாராமே இதற்கு ஒரு விதத்தில் பதில் சொல்லியிருக்கிறார். 2016இல் பெங்களூரில் தான்சானிய நாட்டு மாணவி ஒருவர் கும்பலால் தாக்கப்பட்டார். அதன்பிறகு அவர் இந்தியாவில் வாழும் ஆப்பிரிக்கர்களைப் படம் எடுத்தார். கல்யாணக் கூட்டத்தில் எடுத்ததுபோல ஓரமாக நின்று எடுத்த படங்கள் இல்லை அவை. பழகி, பேசி, அவர்கள் சம்மதத்தோடு எடுத்த உருவப்படங்கள். வசதிபடைத்தவர்களின் விழாவை ஓரமாக நின்று பார்த்த அதே கலைஞர், அவமானப்படுத்தப்பட்ட மக்களிடம் போகும்போது முறையை மாற்றிக்கொள்கிறார். யார் முன்னால் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து முறை மாற வேண்டும். நான் சொல்வதும் அவ்வளவுதான்.

அடுத்து, 'இந்தியக் கல்யாணம்' என்ற சொல். இந்தப் பெயரில் உலகம் முழுக்கப் போகிற படங்களில் இருப்பது அக்கினி, மஞ்சள், பட்டு, புரோகிதர், யானை, அரண்மனை. எம்.ஏ. தமிழ் படித்தவன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். அகநானூற்றில் 86ஆம் பாட்டும் 136ஆம் பாட்டும் கல்யாணத்தை விவரிக்கின்றன. பந்தல் இருக்கிறது, மணல் பரப்பியிருக்கிறது, சோறு இருக்கிறது, பெண்ணை நீராட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். தீ இல்லை, புரோகிதர் இல்லை. தொல்காப்பியக் கற்பியலோ, மக்களிடையே பொய்யும் பிழையும் தோன்றிய பிறகுதான் சடங்கு வகுத்தார்கள் என்கிறது. மேலோருக்கு இருந்த சடங்கு கீழோருக்கும் ஆன காலம் உண்டு என்றும் அது சொல்கிறது. மேல், கீழ் அப்போதே வந்துவிட்டது. சடங்கு சாட்சிக்காகத்தான் வந்தது என்பதையும் கவனியுங்கள். இன்று அந்தச் சாட்சி வேலையைப் பாதிக்கு மேல் போட்டோகிராபர் செய்கிறார்.

தீ இல்லாத கல்யாணம் நம் காலத்திலும் உண்டு. 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1948 ஏப்ரல் 15இல் டெல்லியில் அம்பேத்கர் செய்துகொண்டது பதிவுத் திருமணம். 1967இல் அண்ணாதுரை ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லவைத்தது. இப்படிப்பட்ட கல்யாணத்துக்குக் கேண்டிட்காரர் வந்தால் தவித்துப் போகிறார். மேடை, மைக், நாற்காலி, இரண்டு மாலை. தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசுகிறார். 'இதுல எடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே' என்று ஒரு போட்டோகிராபர் என்னிடமே சொன்னார். ஆனால் தூணோரம் ஒதுங்க வேண்டிய அந்தத் தாய் இந்த மேடையில் நடுவில் நிற்கிறாள், தாலி எடுத்துக் கொடுப்பதே அவள்தான். அது அவர் கண்ணில் படவில்லை. புகையும் நெருப்பும் இருந்தால்தான் கணம் என்று பழகிய கண்.

எடுக்கவே முடியாத கல்யாணங்களும் இருக்கின்றன. புதுக்கூரைப்பேட்டை முருகேசனும் கண்ணகியும் 2003 மே மாதம் யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவன் தலித், அவள் ஆதிக்க சாதி. ஜூலையில் இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். 2021இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தது. 2025இல் உச்சநீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது. அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் இல்லை, பந்தி இல்லை. அதுவும் இந்தியக் கல்யாணம்தான். அதற்கு என்ன அழகியல் வைத்திருக்கிறோம்?

சாதி மறுத்து மணந்தவர்களுக்குப் படம் இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. 'நாங்கள் விரும்பித்தான் மணந்தோம், யாரும் கடத்தவில்லை' என்று போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் காட்ட மாலையும் தாலியுமாக ஒரு படம் வேண்டும். அதே படம் வெளியே போனால் எந்த ஊரில், எந்த மண்டபத்தில், யார் துணையோடு என்பது தேடுகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் முப்பது நாள் அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டச் சொல்கிறது. அந்தக் காகிதம் எத்தனை பேரைக் காட்டிக்கொடுத்தது என்று களத்தில் இருக்கிற தோழர்களுக்குத் தெரியும். வக்கீல்கள், நண்பர்கள் முன்னிலையில் ஊரறியாமல் செய்துகொண்ட சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொன்னது. குடும்பத்துக்குப் பயந்து ஊரறியச் செய்ய முடியாதவர்கள் உண்டு என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் கல்யாணம் முடிந்த ராத்திரியே தன் தொழில் விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் படம் போடுகிற போட்டோகிராபருக்கு இது தெரிய வேண்டுமே. அவர் 'நல்ல கணம்' என்று போடுகிற படம் இன்னொருவனுக்கு விலாசம்.

குறுக்கிடாத கேமரா என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கண்காணிப்புக் கேமரா. யாரையும் நிற்க வைக்காது, சிரிக்கச் சொல்லாது, வெளிச்சத்தை மாற்றாது. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் கோகுல்ராஜை அது பார்த்தது. 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டியதையும் பார்த்தது. அந்தப் பதிவுகள் கோர்ட்டில் சாட்சியாக நின்றன, அதன் பயன் பெரியது. ஆனால் குறுக்கிடாமை என்ற தத்துவத்தை அதன் கடைசிவரை கொண்டுபோனால் அங்கேதான் போய் நிற்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பதன் பொருளே அவர் முடிவெடுப்பார், பக்கம் சேர்வார் என்பதுதான்.

நம் வீட்டுக்குள்ளும் இதைக் கேட்க வேண்டும். ஊர்க்காரன் ஆல்பத்தில் பறையடிப்பவருக்கு முகம் இல்லை என்று பேசுகிற நாம், நம் கல்யாண ஆல்பத்தில் புதிரை வண்ணார் எங்கே என்று தேடினோமா? காலனிக் கல்யாணத்தில் மாத்துத் துணி கொடுக்கிறவர், காரியம் பார்க்கிறவர், கடைசியில் சோறு வாங்கிக்கொண்டு போகிறவர் அவர். ஊர் நம்மை எங்கே நிற்க வைத்ததோ அங்கே நாம் அவரை நிற்க வைத்திருக்கிறோம். நம் ஆல்பத்தில் சமைத்த பெண்கள் இல்லை. பெண் அழுகிற படம் இருக்கிறது, கேண்டிட்காரர்களுக்கு மிகப் பிடித்த படம் அது, பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். ஏன் அழுகிறாள் என்று கேட்டவர் யார்? படிப்பை நிறுத்திவிட்டுக் கட்டிக்கொடுத்ததற்கா, வாங்கிய கடனுக்கா, பிறந்த வீட்டைப் பிரிவதற்கா? படம் எல்லா அழுகையையும் ஒரே அழகாக்கிவிடுகிறது. அம்பேத்கர் படம் போட்ட பிளக்ஸுக்குக் கீழேயே பெண்ணின் நிறத்தைக் கம்ப்யூட்டரில் வெளுக்கச் சொல்லிக் காசு கொடுக்கிறவர்களும் நாம்தான்.

வேறு மாதிரி எடுக்க முடியும் என்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மும்பையில் சுதாரக் ஓல்வே துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து எடுத்தார். மதுரை எம்.பழனிக்குமார் மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களிடம் திரும்பத் திரும்பப் போய் எடுக்கிறார். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவும் அவருடையது. வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தையே, தன் வீட்டையே படம் எடுத்தவர். மூவரும் கல்யாணப் போட்டோகிராபர்கள் இல்லை. ஆனால் ஓரமாக நின்று எடுத்துக்கொண்டு போய்விடாமல் கூடவே இருந்து எடுப்பது என்ற அவர்கள் முறை கல்யாணத்துக்கும் பொருந்தும்.

நம் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வருகிறவரிடம், அவர் நம் பையனாக இருந்தாலும் டவுன்காரராக இருந்தாலும், நாம் சில விஷயங்கள் கேட்கலாம். முதல் நாளே வா. பந்தல் போடுகிறவர், சமைக்கிறவர், மேளம் அடிக்கிறவர், துணி துவைக்கிறவர் எல்லாரையும் பேர் கேட்டு, முழு முகமாக எடு. நேராகப் பார்க்க விரும்புகிறவர்களை நேராக நிற்க விடு, அவசரப்படுத்தாதே. கேலிக்கு நம் பகட்டை எடுக்கிறாய் என்றால் நம் கடனையும் தெரிந்துகொண்டு எடு. ஒதுங்கி நிற்கிற தாயை 'வாம்மா, நடுவுல வந்து நில்லு' என்று கூப்பிடு. அந்த ஒரு குறுக்கீட்டை எந்த அழகியல் தடுக்கிறதோ அந்த அழகியல் நமக்கு வேண்டாம். சாதி மறுத்த கல்யாணம் என்றால் படம் யாரிடம் இருக்கும், எப்போது வெளியே போகலாம் என்பதை மணமக்கள் முடிவு செய்யட்டும். படத்தின் மூலக் கோப்பை, தேதியோடு, திருத்தாமல் பத்திரமாக வைத்திரு. நாளைக்குக் கோர்ட்டில் வேண்டியிருக்கும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் சுவர்களில் தொங்குகிற பழைய கல்யாணப் படங்களை இறக்குங்கள். செல்போனில் நல்ல வெளிச்சத்தில் பிரதி எடுங்கள். பின்பக்கத்தில் யார், எந்த வருஷம், எந்த ஸ்டுடியோ, கோட்டு யாருடையது, நகை யாரிடம் இரவல் வாங்கியது என்று பெரியவர்களைக் கேட்டு பென்சிலால் எழுதுங்கள். படம் எடுக்க எத்தனை மைல் நடந்தார்கள், யார் வரமாட்டேன் என்றது என்பதையும் எழுதுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். படம் இன்னும் ஐம்பது வருஷம் சுவரில் தொங்கும், பேர் தங்காது.